பட்டன் போய்ச் சேரும் இடம்

பழைய வீட்டுக் கணினிகளின் ஜாய்ஸ்டிக் பட்டனும் மவுஸ் பட்டனும் மிக எளிய பொருள்கள். இரண்டு தகடு, இரண்டு கம்பி. அழுத்தினால் தொடும், விட்டால் பிரியும். பட்டனுக்குள் புரிந்துகொள்ள வேறொன்றும் கிடையாது. அந்தக் கம்பி பெட்டிக்குள் எந்தச் சிப்பின் எந்தக் காலில் போய் முடிகிறது என்று பார்க்கத் தொடங்கினால்தான் விஷயம் சுவாரசியமாகிறது. 1977-க்கும் 1990-க்கும் இடையில் வந்த கணினிகளைத் திறந்து பார்த்தால், பட்டனுக்கென்று முன்கூட்டியே இடம் ஒதுக்கிய வடிவமைப்பாளர்கள் குறைவு. வேறு வேலைக்கெல்லாம் பங்கிட்டபின் எந்தச் சிப்பில் ஒரு கால் மிஞ்சியதோ, அதைப் பட்டனுக்குக் கொடுத்தவர்களே அதிகம்.

முதலில் அடிப்படைச் சுற்று. சிப்பின் உள்ளீட்டுக் காலை எதனோடும் இணைக்காமல் விட்டால், அது 0 என்றும் சொல்லும், 1 என்றும் சொல்லும். பக்கத்தில் கை போனாலே மாறும் சிப்புகளும் உண்டு. அதனால் அந்தக் காலை 4.7 கிலோ ஓம் அல்லது 10 கிலோ ஓம் மின்தடை ஒன்றின் வழியாக 5 வோல்ட்டோடு கட்டிவைப்பார்கள். இதற்குப் புல்-அப் என்று பெயர். ஸ்பிரிங் வைத்த கதவு தானாக மூடிக்கொள்வதுபோல, யாரும் தொடாதபோது கால் தானாக 1 என்ற நிலைக்குத் திரும்பிவிடும். பட்டன் அதே காலைக் கிரவுண்டோடு இணைக்கிறது. அழுத்தினால் 0, விட்டால் 1. மின்தடை 10 கிலோ ஓம் என்றால் அழுத்தும்போது ஓடும் மின்னோட்டம் அரை மில்லி ஆம்பியர் மட்டுமே. ஜாய்ஸ்டிக் கம்பி நசுங்கி கிரவுண்டோடு ஒட்டிக்கொண்டாலும் எதுவும் எரியாது. விளையாட்டுக்குள் துப்பாக்கி ஓயாமல் சுடும், அவ்வளவுதான்.

அழுத்தினால் 1 என்று வைத்திருந்தால் நிரல் எழுதுவது சுலபமாக இருந்திருக்குமே என்று தோன்றும். அப்படி வைக்காததற்குக் காரணம் அக்காலத்து டிடிஎல் சிப்புகளின் குணத்தில் இருக்கிறது. 7400 வரிசைச் சிப்பின் உள்ளீட்டை 1-இல் வைத்திருக்க 0.04 மில்லி ஆம்பியர் போதும். 0-க்கு இழுக்க 1.6 மில்லி ஆம்பியர் வரை வெளியே எடுக்க வேண்டும். மின்தடையைக் கிரவுண்டோடு கட்டி, பட்டனை 5 வோல்ட்டோடு இணைத்தால், சும்மா இருக்கும்போது கால் 0.8 வோல்ட்டுக்குக் கீழே இருக்க அந்த மின்தடை 500 ஓமைத் தாண்டக் கூடாது. பிறகு ஒவ்வொரு அழுத்தலுக்கும் 10 மில்லி ஆம்பியர் வீணாகும். இந்தக் கணக்கை மீறி நடந்த பிரபலமான இயந்திரம் 1977-இன் ஆப்பிள் 2. அதன் 3 பட்டன் உள்ளீடுகளும் அழுத்தினால் 5 வோல்ட்டோடு சேரும். கீழே இழுக்கும் மின்தடை சில நூறு ஓம்தான். 49249, 49250, 49251 என்ற முகவரிகளில் படித்த எண் 127-க்கு மேல் இருந்தால் பட்டன் அழுத்தப்பட்டிருக்கிறது என்று பொருள்.

மற்ற நிறுவனங்கள் பெரும்பாலும் அட்டாரி போட்ட பாதையில் போயின. 1977-இல் வந்த அட்டாரி 2600 விளையாட்டுப் பெட்டியின் 9 பின் சாக்கெட்டில் 1 மேல், 2 கீழ், 3 இடம், 4 வலம், 6 ஃபயர் பட்டன், 7 ஐந்து வோல்ட், 8 கிரவுண்ட். 5-ஆம் 9-ஆம் பின்கள் திருகு வகைப் பேடில்களுக்கானவை. ஜாய்ஸ்டிக்கைத் திறந்தால் உள்ளே சிறிய பலகை ஒன்றில் 5 தொடுமுனைகள். எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரு கிரவுண்ட் கம்பி.

மிச்சக் கால் கதை இங்கேயே தொடங்கிவிடுகிறது. 2600-இன் 6532 சிப்பில் ஜாய்ஸ்டிக்குக்குக் கிடைத்தது 8 பிட் கொண்ட ஒரு போர்ட். இரண்டு ஜாய்ஸ்டிக், ஆளுக்கு நான்கு திசை, எட்டும் நிரம்பிவிட்டது. ஃபயர் பட்டனுக்கு அங்கே இடமில்லை. அதனால் அது படத்தையும் ஒலியையும் உருவாக்கும் டிஐஏ சிப்புக்குப் போனது. 1979-இன் அட்டாரி 400, 800 கணினிகளிலும் இதே நிலைமை: நான்கு சாக்கெட்டின் 16 திசைக் கம்பிகள் 6520 சிப்பின் 16 பிட்டையும் பிடித்துக்கொள்ள, நான்கு பட்டன்களும் மறுபடி படச் சிப்பின் வாசலில் நின்றன. பட்டனை வைத்துப் படம் வரைகிறார்களா என்று கேட்கத் தோன்றும். அங்கே கால் காலியாக இருந்தது என்பதே பதில்.

1982-இன் கமடோர் 64 ஃபயர் பட்டனைத் திசைகளோடு ஒன்றாகவே வைத்தது. ஆனால் மொத்தத்தையும் விசைப்பலகையின் கம்பிகளோடு சேர்த்துக் கட்டியது. 6526 என்ற சிப்பின் ஒரு போர்ட் விசைகளின் ஒரு வரிசையைத் தூண்டும், மறு போர்ட் பதிலைப் படிக்கும்; இரண்டாம் ஜாய்ஸ்டிக் முதல் போர்ட்டில், முதல் ஜாய்ஸ்டிக் இரண்டாம் போர்ட்டில். 56320 என்ற முகவரியைப் பீக் கட்டளையால் படித்தால் இரண்டாம் சாக்கெட்டும், 56321-ஐப் படித்தால் முதல் சாக்கெட்டும் தெரியும். 0 முதல் 3 வரையான பிட்கள் திசைகள், 4-ஆம் பிட் பட்டன். முதல் சாக்கெட்டில் ஃபயர் பட்டனை அழுத்தினால், விசைப்பலகையில் இடைவெளி விசையை அழுத்தியதாகவே கணினி நினைத்துக்கொள்ளும். இடப்பக்கம் தள்ளினால் கண்ட்ரோல் விசை என்று எண்ணி, திரையில் ஓடும் நிரல் பட்டியல் மெதுவாகும். அந்தக் கணினிக்கான விளையாட்டுகளில் முதல் ஆட்டக்காரர் இரண்டாம் சாக்கெட்டில் செருக வேண்டியிருந்ததற்கு இதுவே காரணம். விளையாட்டின் பெட்டியில் அதை விளக்க யாரும் மெனக்கெடவில்லை.

சின்க்ளேர் ஸ்பெக்ட்ரமில் ஜாய்ஸ்டிக் சாக்கெட்டே இல்லை. இந்தியாவில் டெசிபெல்ஸ் எலக்ட்ரானிக்ஸ் உரிமம் பெற்று விற்ற டிபி ஸ்பெக்ட்ரம் பிளஸ்ஸும் அந்த மரபுதான். பின்புற இணைப்பில் செருகும் கெம்ப்ஸ்டன் பெட்டி, 31-ஆம் போர்ட்டில் திசைகளையும் பட்டனையும் தரும். இங்கே அழுத்தினால் 1. சின்க்ளேரின் சொந்த இன்டர்ஃபேஸ் 2 பெட்டியோ 6, 7, 8, 9, 0 விசைகளை அழுத்தியதுபோல் நடிக்கும். அங்கே அழுத்தினால் 0. கெம்ப்ஸ்டன் பெட்டி இல்லாமல் 31-ஆம் போர்ட்டைப் படித்தால் பெரும்பாலும் 255 வரும். அதாவது எல்லாத் திசையும் பட்டனும் ஒருசேர அழுத்தப்பட்டதாகக் கணக்கு. சரிபார்க்காமல் எழுதிய விளையாட்டுகள் தொடங்கிய கணமே தறிகெட்டு ஓடியதற்குக் காரணம் இதுதான்.

இந்தியாவில் பள்ளி மாணவர்கள் அதிகம் பார்த்த இயந்திரம் இவற்றில் எதுவும் அல்ல. ஏக்கார்ன் நிறுவனத்தின் பிபிசி மைக்ரோ. மத்திய மின்னணுவியல் துறையும் கல்வி அமைச்சகமும் 1984-85-இல் தொடங்கிய கிளாஸ் என்ற கணினிக் கல்வித் திட்டத்தின் வழியாக அது பள்ளிகளுக்குப் போனது. மொகாலியில் இருந்த அரசு நிறுவனமான செமிகண்டக்டர் காம்ப்ளெக்ஸ், எஸ்சிஎல் யூனிகார்ன் என்ற பெயரில் அதையே இங்கே உருவாக்கியது. ஜாய்ஸ்டிக் விஷயத்தில் அந்தக் கணினி மற்ற எல்லாவற்றிலிருந்தும் விலகி நிற்கிறது. அதன் பின்புறம் இருப்பது 15 பின் அனலாக் சாக்கெட். விளையாட்டைவிட ஆய்வுக்கூடத்தை மனத்தில் வைத்துச் செய்தது.

இந்தச் சாக்கெட்டில் திசைகள் சுவிட்ச் கிடையாது, மின்னழுத்தம். ஜாய்ஸ்டிக் தண்டு இரண்டு பொட்டென்ஷியோமீட்டர்களைத் திருப்பும். ஒவ்வொன்றின் ஒரு முனை 14-ஆம் பின்னில் உள்ள குறிப்பு மின்னழுத்தத்துக்கும், மறு முனை 8-ஆம் பின்னின் அனலாக் கிரவுண்டுக்கும், நடுமுனை முதல் ஓடையான 15-ஆம் பின்னுக்கோ இரண்டாம் ஓடையான 7-ஆம் பின்னுக்கோ போகும். 7002 என்ற சிப் அந்த மின்னழுத்தத்தை எண்ணாக்குகிறது. 12 பிட் அளவில் ஒரு முறை மாற்ற 10 மில்லி வினாடி ஆகும். பேசிக் மொழியில் அட்வால்(1), அட்வால்(2) என்று கேட்டால் 0 முதல் 65520 வரை விடை வரும்.

பட்டன்கள் இந்த 7002-ஐ எட்டிப் பார்ப்பதில்லை. 13-ஆம் பின்னும் 10-ஆம் பின்னும் நேராக 6522 சிப்புக்குப் போகின்றன. கடிகாரத் துடிப்பு, ஒலி, விசைப்பலகை ஆகியவற்றைக் கவனிக்கும் சிஸ்டம் சிப் அது. பட்டனை 13-க்கும் 0 வோல்ட் பின்னான 6-க்கும் நடுவில் இணைத்தால் முதல் பட்டன் தயார். 10-க்கும் 6-க்கும் நடுவில் இணைத்தால் இரண்டாவது. 65088 என்ற முகவரியில் 4-ஆம் பிட்டும் 5-ஆம் பிட்டும் அவை. அழுத்தினால் அங்கே 0 தெரியும். இயக்க நிரல் அதைத் திருப்பிப்போட்டு, அட்வால்(0) ஆண்ட் 3 என்று கேட்பவருக்கு முதல் பட்டனுக்கு 1, இரண்டாவதற்கு 2, இரண்டுக்கும் சேர்த்து 3 என்று கொடுக்கும். பயன்படுத்துபவரை முகவரிக் கணக்கிலிருந்து காப்பாற்றிய விதத்தில், அக்காலக் கணினிகளிலேயே இது நாகரிகமானது என்று சொல்லலாம்.

குறிப்பு மின்னழுத்தத்தைப் பற்றி ஒரு வார்த்தை. தொடராகக் கட்டிய மூன்று சாதாரண டையோடுகளில் விழும் ஏறத்தாழ 1.8 வோல்ட்தான் அது. சிலிக்கான் டையோடின் மின்னழுத்தம் ஒரு டிகிரி செல்சியஸுக்கு 2 மில்லி வோல்ட் வீதம் இறங்கும். மூன்றுக்கும் சேர்த்து 6. சித்தூரிலும் திருப்பதியிலும் மே மாதப் பகல் 40 டிகிரியைத் தொடுவது வழக்கம். 25 டிகிரி அறையில் சரிபார்த்த இயந்திரம் அந்த வெயிலில் 90 மில்லி வோல்ட் இறங்கியிருக்கும், ஏறத்தாழ 5 சதவீதம். ஜாய்ஸ்டிக்குக்கு இதனால் ஒன்றும் ஆகாது: பொட்டென்ஷியோமீட்டருக்கு ஊட்டுவதும் அதே மின்னழுத்தம், அளவுகோலும் அதே மின்னழுத்தம், இரண்டும் சேர்ந்து இறங்குவதால் விகிதம் மாறாது. வெளியிலிருந்து ஒரு பேட்டரியைக் கொண்டுவந்து அளப்பவருக்குத்தான் கோடையில் ஒரு விடையும் மார்கழியில் ஒரு விடையும் வரும்.

பட்டன் கம்பிகளுக்கு அந்தக் கவலையும் இல்லை. 0 அல்லது 1 மட்டுமே அவற்றுக்குத் தெரியும். இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் அதனாலேயே அவை உதவும். பட்டனுக்குப் பதிலாக 13-ஆம் பின்னில் ஒரு போட்டோ டிரான்சிஸ்டரை இணைத்து, எதிரே ஒரு விளக்கை வைத்து, நடுவில் ஊசலை ஆடவிட்டால், குண்டு ஒளியை மறைக்கும் ஒவ்வொரு முறையும் அட்வால்(0) மாறும். ஜாய்ஸ்டிக் விலையில் ஓர் ஊசல் கடிகாரம்.

இனி மவுஸ். பந்து வைத்த மவுஸின் உள்ளே துளையிட்ட இரண்டு சக்கரங்கள் சுற்றும். ஒவ்வொன்றின் இருபுறமும் ஒளி உமிழும் டையோடும் இரண்டு உணரிகளும். இரு உணரிகளும் ஒரு துளைக்கும் அடுத்த துளைக்கும் உள்ள இடைவெளியில் கால் பங்கு முன்பின்னாக வைக்கப்பட்டிருப்பதால், எது முந்துகிறது என்பதை வைத்துத் திசை தெரியும். ஆக இரண்டு அச்சுக்கு நான்கு கம்பி. அட்டாரி சாக்கெட்டில் திசைக்கு இருப்பதும் நான்கே கம்பி என்பதால், அமிகாவும் அட்டாரி எஸ்டியும் மவுஸை அதே 9 பின் சாக்கெட்டில் செருகின. ஜாய்ஸ்டிக்குக்கு ஒரு பட்டன் போதும். மவுஸுக்கு இரண்டு, சில நேரம் மூன்று. கூடுதல் பட்டனை எங்கே வைப்பது என்பதில்தான் ஒவ்வொரு நிறுவனமும் ஒவ்வொரு வழியில் போனது.

1985-இன் அமிகாவைப் பாருங்கள். அதன் சிப்புகளின் வடிவமைப்பை வழிநடத்திய ஜே மைனர்தான் முன்பு அட்டாரியின் படச் சிப்புகளையும் உருவாக்கியவர். மவுஸின் அசைவை டெனிஸ் என்ற படச் சிப் எண்ணுகிறது. இடது பட்டன் 6-ஆம் பின் வழியாக 8520 சிப்புக்குப் போகிறது. 12574721 என்ற முகவரியின் 6-ஆம் பிட். வலது பட்டன் 9-ஆம் பின் வழியாக, ஒலிக்குப் பொறுப்பான பாலா சிப்பின் பேடில் உள்ளீட்டுக்குப் போகிறது; 14675990 என்ற முகவரியின் 10-ஆம் பிட். கைக்குள் அடங்கும் ஒரே மவுஸுக்கு மூன்று சிப்.

இது வெறும் வேடிக்கை அல்ல, நடைமுறை விளைவும் உண்டு. பேடிலை அளப்பதற்காக அந்தக் கம்பியில் 47 நானோ ஃபாரட் மின்தேக்கி ஒன்று தொங்குகிறது. நிரல் அந்தக் காலை முதலில் 5 வோல்ட்டுக்கு உயர்த்தச் சொல்லிவிட்டுத்தான் படிக்க முடியும். மின்தேக்கி நிரம்ப 300 மைக்ரோ வினாடி வரை ஆகலாம். எழுதிய மறுகணமே படித்தால் யாரும் தொடாத வலது பட்டன் அழுத்தப்பட்டதாகத் தெரியும். இடது பட்டனில் இந்தத் தொல்லை கிடையாது. ஜாய்ஸ்டிக்கின் இரண்டாம் பட்டனும் இதே சுற்று வழியில்தான் போக வேண்டும். எத்தனையோ அமிகா விளையாட்டுகளில் குதிப்பதற்கு ஜாய்ஸ்டிக்கை மேலே தள்ள வேண்டியிருந்ததற்கு 1977-இன் ஒற்றைப் பட்டன் பழக்கம் பாதிக் காரணம் என்றால், இந்தச் சோம்பலும் ஒரு பங்கு என்று நினைக்க இடமிருக்கிறது.

அட்டாரி எஸ்டி வேறு வழி பிடித்தது. மவுஸும் ஜாய்ஸ்டிக்கும் விசைப்பலகைக்குள் இருக்கும் 6301 என்ற தனிச் செயலிக்குப் போகும். அது செய்தியாக மாற்றி முதன்மைச் செயலிக்கு அனுப்பும். வலது பட்டனுக்குத் தனிக் கம்பி மிஞ்சாததால், அதை இரண்டாம் சாக்கெட்டின் ஜாய்ஸ்டிக் ஃபயர் கம்பியோடு சேர்த்துவிட்டார்கள். கமடோர் 64-இன் 1351 மவுஸ், அசைவை ஒலிச் சிப்பின் பேடில் உள்ளீடுகள் இரண்டில் அனுப்பிவிடும்; இடது பட்டன் ஃபயர் கம்பியில், வலது பட்டன் 'மேல்' திசைக் கம்பியில். திசைக் கம்பிகள் சும்மா கிடந்ததால் அப்படி.

பிபிசி மைக்ரோவின் ஏஎம்எக்ஸ் மவுஸ் அனலாக் சாக்கெட்டுக்குப் போகவில்லை. அடிப்புறமுள்ள 20 பின் யூசர் போர்ட்டில் செருகியது. அங்கே தனியாக ஒரு 6522 சிப். இரு அச்சுகளின் துடிப்பும் குறுக்கீட்டுக் கால்கள் இரண்டில் வரும். திசை 0-ஆம் பிட்டிலும் 2-ஆம் பிட்டிலும். இடது, நடு, வலது பட்டன்கள் முறையே 5, 6, 7-ஆம் பிட்களில். 65120 என்ற முகவரியை ஒரு முறை படித்தால் மூன்று பட்டனும் ஒன்றாகத் தெரியும். போதிய கால்கள் இருந்தால் வடிவமைப்பு எவ்வளவு நேராகப் போகும் என்பதற்கு இது சாட்சி.

சாக்கெட்டின் உருவம் ஒன்றாக இருப்பதை நம்பி எதையும் செருகக் கூடாது. எம்எஸ்எக்ஸ் கணினிகளின் 9 பின் சாக்கெட்டில் 5-ஆம் பின் ஐந்து வோல்ட், 9-ஆம் பின் கிரவுண்ட். 8 என்பது கணினி கட்டுப்படுத்தும் வெளியீடு. அதை 0-இல் வைத்திருக்கும்வரை அட்டாரி ஜாய்ஸ்டிக் வேலை செய்யும். ஆம்ஸ்ட்ராட் தயாரித்த ஸ்பெக்ட்ரம் பிளஸ் 2-இல் பின்களின் வரிசையே வேறு. செகா மெகா டிரைவின் பேடைக் கமடோரில் செருகினால் நிலைமை மோசம். அதன் உள்ளே சிப் இருக்கிறது. அது 7-ஆம் பின் வழியாகத் திருட்டு மின்சாரம் எடுத்துக்கொண்டு, விசைப்பலகைக் கம்பியை 5 வோல்ட்டுக்குத் தள்ளும். அதே நேரம் 6526 அதை 0-க்கு இழுக்கும். இழுபறியில் தோற்பது பெரும்பாலும் 6526. 1990-களில் இந்தியக் கடைகளில் குவிந்த டிவி கேம் பெட்டிகளின் பேடும் பார்ப்பதற்கு அதே 9 பின் பிளக்தான். உள்ளே 8 பட்டன்களையும் ஒரே கம்பியில் ஒன்றன்பின் ஒன்றாக அனுப்பும் 4021 வகைச் சுற்று இருக்கும். வீட்டுக் கணினிக்கு அது புரியாது.

பிபிசி சாக்கெட்டும் ஐபிஎம் பிசியின் 15 பின் கேம் போர்ட்டும் உருவத்தில் இரட்டையர். பிசி ஜாய்ஸ்டிக்கில் பொட்டென்ஷியோமீட்டர் 1-ஆம் பின்னுக்கும் 3-ஆம் பின்னுக்கும் நடுவில் நிற்கிறது. பிபிசியில் 1 ஐந்து வோல்ட், 3 பூச்சிய வோல்ட். தண்டை ஒரு மூலைக்குத் தள்ளினால் மின்தடை பூச்சியத்தை நெருங்கி, கணினியின் மின்வழங்கி குறுக்குச் சுற்றாகிவிடும். பிசியில் இது நடக்காமல் காக்கும் 2.2 கிலோ ஓம் மின்தடை அட்டையில்தான் இருக்கிறது, ஜாய்ஸ்டிக்கில் இல்லை.

9 பின் ஜாய்ஸ்டிக்கில் இத்தகைய விபத்துகளைத் தவிர்க்க ஒரு மல்டிமீட்டர் போதும். ஜாய்ஸ்டிக்கைச் செருகாமல், மீட்டரைத் தொடர்ச்சி ஒலிக்கு வைத்து, ஒரு முனையை 8-ஆம் பின்னில் நிறுத்தி, மற்றதை 1, 2, 3, 4, 6 என்று நகர்த்திக்கொண்டே தண்டையும் பட்டனையும் அழுத்திப் பார்க்க வேண்டும். அழுத்தும்போது மட்டும் ஒலித்தால் அட்டாரி வகை. எதுவும் ஒலிக்காவிட்டால் உள்ளே சிப் இருக்கிறது அல்லது வயர் அறுந்திருக்கிறது. விட்டுவிட்டு ஒலித்தால் தொடுமுனையில் களிம்பு. ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைக்கலாம், உப்புத்தாள் வைத்துத் தேய்த்தால் முலாம் போய்விடும். 9 பின் சாக்கெட், மைக்ரோ சுவிட்ச் போன்றவை உள்ளூரில் கிடைக்காவிட்டால், திருப்பதியிலிருந்தும் சித்தூரிலிருந்தும் ரயிலேறிச் சென்னை ரிச்சி தெருவுக்கு ஒரு நடை போய்வரலாம். செருகுவதும் பிடுங்குவதும் கணினியை அணைத்த பிறகே. கமடோர் 64-இன் 6526-க்கும் சாக்கெட்டுக்கும் நடுவில் பாதுகாப்பு எதுவுமில்லை. விரல்நுனியின் நிலைமின்சாரம் ஒன்றே அதைக் கொல்லப் போதும்.

தொடுமுனைகள் அழுத்திய உடனே அமைதியாக ஒட்டுவதில்லை. சில மில்லி வினாடி துள்ளும். பழைய விளையாட்டுகள் பட்டனை ஒரு படச் சட்டத்துக்கு ஒரு முறை, அதாவது 50 ஹெர்ட்ஸ் தொலைக்காட்சியில் 20 மில்லி வினாடிக்கு ஒரு முறை, படித்ததால் அந்தத் துள்ளல் யார் கண்ணிலும் படவில்லை. இன்று பழைய ஜாய்ஸ்டிக்கை யுஎஸ்பி-க்கு மாற்ற மைக்ரோகன்ட்ரோலர் வைப்பவர்களுக்கு அது உடனே தெரிந்துவிடும். ஒரே அழுத்தல் நான்காகப் பதிவாகும். முதல் மாற்றத்துக்குப் பிறகு 5 முதல் 10 மில்லி வினாடி காத்திருக்கும்படி நிரல் எழுத வேண்டும்.

எதிர்த்திசையில், புதிய யுஎஸ்பி மவுஸைப் பழைய கணினிக்குக் கொண்டுபோகும்போது விதி வேறு. 'விட்டுவிட்டேன்' என்று சொல்ல மைக்ரோகன்ட்ரோலர் தன் காலை 5 வோல்ட்டுக்கு உயர்த்தக் கூடாது. உள்ளீடாக மாற்றிக் கையை எடுத்துவிட வேண்டும், மேலே இழுப்பதைக் கணினியின் புல்-அப் பார்த்துக்கொள்ளும். 'அழுத்தினேன்' என்றால் மட்டும் 0-க்கு இழுக்க வேண்டும். மைக்ரோகன்ட்ரோலர் 3.3 வோல்ட் வகையாக இருந்தால், கணினியின் 5 வோல்ட் அதன் காலில் ஏறாதபடி ஒவ்வொரு பட்டன் கம்பிக்கும் ஒரு டிரான்சிஸ்டரை நடுவில் வைத்துவிடுவது நல்லது.